சிறிய மாவட்டத்தின் இறப்புக் கணக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும், பிறப்பு இறப்புப் பதிவாளர்களுக்கும், காரணச் சான்றில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும், இந்த எண்களை அட்டவணையாக்கி அச்சுக்கு அனுப்பும் புள்ளியியல் பிரிவினருக்கும் வணக்கம்.

ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 400 பேர் இறக்கிறார்கள். ஆண்டறிக்கையில் 'ஆயிரத்துக்கு 8.0' என்று ஒரு வரி வருகிறது. அடுத்த ஆண்டு 430 பேர் இறந்ததும், 'ஆயிரத்துக்கு 8.6, இறப்பு வீதம் 7.5 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு வைக்கிறோம். கூட்டம் கூட்டி விளக்கம் கேட்கிறார்கள். ஒருவர் குடிநீரைக் கைகாட்டுகிறார், இன்னொருவர் ஆலைப் புகையை. மூன்றாம் ஆண்டு எண்ணிக்கை 395க்கு இறங்கிவிடுகிறது. தாங்கள் எடுத்த நடவடிக்கை பலித்துவிட்டதாக எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அந்த மூன்று ஆண்டுகளிலும் எதுவுமே மாறாமல் இருந்திருக்கலாம்.

இதைச் சரிபார்க்கப் பெரிய கணிதம் வேண்டாம். இறப்புகள் ஒன்றையொன்று சாராமல் நிகழும்போது, எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம். 400க்கு வர்க்கமூலம் 20. அதன் இருமடங்கை இருபுறமும் வைத்தால் 360 முதல் 440 வரை, அதாவது ஆயிரத்துக்கு 7.2 முதல் 8.8 வரை. இதற்குள் நடக்கும் அசைவுக்குக் காரணம் தேடி ஆள் அனுப்புவது வீண் செலவு. எண்ணிக்கை சிறிதாகும்போது இந்த வர்க்கமூல வழி சரிவராது. பாய்சான் பரவலின் (அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலாக எப்படிச் சிதறும் என்று சொல்லும் கணக்கின்) துல்லிய எல்லைகளைப் பயன்படுத்த வேண்டும். அந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். 4 இறப்புக்கு 1.1 முதல் 10.2 வரை. 6க்கு 2.2 முதல் 13.1. 10க்கு 4.8 முதல் 18.4. 20க்கு 12.2 முதல் 30.9. ஓர் இறப்புகூட இல்லாத ஆண்டுக்கும் மேல் எல்லை 3.7.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு நம் அறிக்கைகளைப் படித்தால் சங்கடமாக இருக்கும். இதே மாவட்டத்தில் ஓர் ஆண்டில் 6 தற்கொலைகள் என்றால் வீதம் லட்சத்துக்கு 12. ஆனால் அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை வீதம் இருக்கக்கூடிய வரம்பு, லட்சத்துக்கு 4 முதல் 26 வரை விரிகிறது. அந்த ஒரே எண்ணைக் கொண்டு மாவட்டம் மிக நல்ல நிலையில் இருக்கிறது என்றும் வாதிடலாம், மிக மோசம் என்றும் வாதிடலாம். பேறுகால இறப்பில் நிலைமை இன்னும் கோணல். ஆண்டுக்கு 700 பிறப்புகள் உள்ள இடத்தில் ஒரு தாய் இறந்தால் விகிதம் லட்சம் பிறப்புக்கு 143. இருவர் இறந்தால் 286. யாரும் இறக்காவிட்டால் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பாராட்டும் 286க்கு விளக்கக் கடிதமும் வருகிற நிர்வாகத்தில், மூன்றாம் ஆண்டிலிருந்து எண்கள் 'திருத்தமாக' வரத் தொடங்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: 20 இறப்புக்குக் குறைந்த எந்தக் கட்டத்துக்கும் வீதம் போடாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் நெடுங்காலமாக இந்த 20ஐத்தான் எல்லைக்கோடாக வைத்திருந்தது. வீதம் வேண்டுமென்றால் ஆண்டுகளைச் சேருங்கள். ஐந்தாண்டில் 30 தற்கொலைகள் என்றால் இடைவெளி 20 முதல் 43 வரை; லட்சத்துக்கு ஆண்டுக்கு 8 முதல் 17. இன்னும் அகலம்தான். ஆனாலும் ஏதோ சொல்ல முடிகிற அகலம்.

மாவட்டங்களை வரிசைப்படுத்தும் பட்டியலையும் கைவிடுங்கள். அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு வீதத்தை வரைபடமாக்கியபோது, மிகக் குறைந்த வீதம் காட்டிய பகுதிகள் பெரும்பாலும் ஆள் குறைந்த கிராமப்புறக் கவுன்டிகளாக (அங்குள்ள மாவட்டங்களாக) இருந்தன. நல்ல காற்று, பதமான வாழ்க்கை என்று விளக்கம் எழுதப் பேனாவை எடுக்கலாம். ஆனால் மிக உயர்ந்த வீதம் காட்டிய பகுதிகளும் அதே வகைக் கவுன்டிகள்தான். மக்கள்தொகை சிறிதானால் வீதம் இரண்டு முனைக்கும் எறியப்படும். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய மாவட்டங்களே நிற்பது அவற்றின் குணத்தைக் காட்டவில்லை, அளவைக் காட்டுகிறது.

இவ்வளவு சொன்னதால், சிறிய மாவட்டத்தின் இறப்புக் கணக்கு பயனற்றது என்று நாங்கள் கருதுவதாக எண்ண வேண்டாம். வீதமாக அது பலவீனமானது. ஆனால் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியே வாசிக்கும் வசதி பெரிய மாநகரத்துக்குக் கிடையாது. 400 இறப்புகள் உள்ள இடத்துக்கு உண்டு. 400ஐ 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு எட்டுக்கும் குறைவு. ஒரு மருத்துவர், ஒரு பதிவாளர், ஒரு புள்ளியியல் உதவியாளர் சேர்ந்து உட்கார்ந்தால் அரை நாளில் முடிகிற வேலை. இந்த மடலின் மீதிப் பகுதி முழுவதும் அந்த அரை நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியதே.

முதலில் எந்த இறப்பு நம்முடையது என்பது. பதிவு, இறப்பு நிகழ்ந்த இடத்தில் நடக்கிறது. வீதத்தின் கீழே போடும் மக்கள்தொகையோ வசிப்பவர்களுடையது. மாவட்டத்துக்குள் பெரிய பரிந்துரை மருத்துவமனை இருந்தால் வெளியூர் நோயாளிகளின் இறப்புகள் நம் கணக்கில் ஏறும். மருத்துவமனை பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் நம்மவர்களில் மிகக் கடுமையாக நோயுற்றவர்களின் இறப்புகளே நம் கணக்கிலிருந்து நழுவும். இரண்டாவது வகை மாவட்டங்கள்தான் 'பின்தங்கிய பகுதியாக இருந்தும் குறைந்த இறப்பு வீதம்' என்று பெருமைப்பட்டுக்கொள்கின்றன. தீர்வு எளிது, ஆனால் சலிப்பூட்டுவது: ஒவ்வொரு பதிவிலும் இறந்தவரின் வழக்கமான முகவரியை, மருத்துவமனைக்காகத் தற்காலிகமாகத் தங்கிய முகவரியை அல்ல, நிரப்ப வேண்டும், மாதம் ஒருமுறை அண்டை மாவட்டப் பதிவாளர்களோடு பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லங்கள், சிறைகள், நீண்டகாலப் பராமரிப்பு மையங்கள் இருந்தால் அவற்றைத் தனி வரியாகக் காட்டுங்கள். ஐம்பதாயிரம் பேரில் இருநூறு படுக்கை கொண்ட ஒரு முதியோர் இல்லம் முழு மாவட்டத்தின் வீதத்தையும் அசைத்துவிடும்.

சாலை விபத்துக்கு மட்டும் இரண்டு இடங்களும் தேவை. உடல்நலக் கணக்குக்கு வசிப்பிடம். சாலையைத் திருத்துவோருக்கு விபத்து நடந்த இடம். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலை விபத்து இறப்பு என்பது பன்னாட்டு வழக்கம். இருபதாம் நாள் வேறு ஊர் மருத்துவமனையில் நிமோனியாவில் இறந்தவரின் பெயர் போக்குவரத்துக் கணக்கிலும் இல்லாமல், நோய்க் கணக்கிலும் பொருந்தாமல் போவது வாடிக்கை.

தேதியிலும் இதே போன்ற குழப்பம். இறந்த தேதியின்படி அட்டவணை போடுங்கள், பதிவான தேதியின்படி வேண்டாம். டிசம்பர் கடைசி வாரத்து இறப்புகள் ஜனவரியில் பதிவாகும். ஒரு பதிவு முகாம் நடந்தால் மூன்றாண்டு பழைய இறப்புகள் ஒரே மாதத்தில் கொட்டும். பதிவுத் தேதிப்படி எண்ணினால் முகாம் நடந்த ஆண்டில் கொள்ளைநோய் வந்தது போலத் தோன்றும். ஆண்டு முடிந்து குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து கணக்கை மூடுங்கள். அவசரத்துக்கு வெளியிட்டால் 'தற்காலிகம்' என்று அதே வரியிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

கீழே போடும் மக்கள்தொகை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மேலே உள்ள எண்ணைச் சரிபார்க்க ஒரு குழு இருக்கும். கீழே உள்ள எண் பத்தாண்டு பழைய கணக்கெடுப்பிலிருந்து ஒரு வளர்ச்சி வீதத்தோடு தானாக நீண்டுகொண்டே வரும். இளையோர் வேலை தேடி வெளியேறும் மாவட்டத்தில் இந்தக் கணிப்பு மிகையாக நிற்கும். உண்மையில் 45,000 பேரே இருக்கும் இடத்தில் அதே 400 இறப்புகளை வைத்தால் வீதம் 8.0 என்பது 8.9 ஆகிறது. ஒருவர்கூடக் கூடுதலாக இறக்கவில்லை. பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், தடுப்பூசிப் பதிவேடு ஆகியவற்றோடு வயது வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் கணிப்பு எங்கே விலகியது என்பது தெரிந்துவிடும். ஆண்டு நடுவில், அதாவது ஜூலை 1 நிலவரப்படி உள்ள மக்கள்தொகையே வகுக்கும் எண்.

வயதுச் சீராக்கம் (மக்களின் வயதுக் கட்டமைப்பு வேறுபாட்டை நீக்கும் கணக்கு) செய்யாத வீதத்தை வைத்து இரண்டு மாவட்டங்களை ஒப்பிடுவது தவறு என்று எல்லோருக்கும் பாடமாகத் தெரியும்; எவ்வளவு தவறு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். எடுத்துக்காட்டுக்காக இரண்டு மாவட்டங்கள், தலா 50,000 பேர். முதல் மாவட்டத்தில் 45 வயதுக்குக் கீழ் 24,000, 45 முதல் 64 வரை 14,000, அதற்கு மேல் 12,000. இந்த மூன்று பிரிவுகளிலும் ஆயிரத்துக்கு முறையே 1, 6, 40 இறப்புகள் என்றால் மொத்தம் 588. கச்சா வீதம், அதாவது மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்தது, 11.8. இரண்டாம் மாவட்டம் இளையது: 36,000, 10,000, 4,000. அங்கே வீதங்கள் ஒவ்வொரு வயதிலும் கூடுதல்: 1.25, 7.2, 48. மொத்த இறப்பு 309. கச்சா வீதம் 6.2. எந்த வயதில் பார்த்தாலும் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் மோசமாக இருக்கும் மாவட்டம், கச்சா வீதத்தில் ஏறக்குறைய பாதியாகத் தெரிகிறது. அறுபது, இருபத்துநான்கு, பதினாறு சதவீதம் என்ற ஒரே வயதுக் கட்டமைப்பை இரண்டுக்கும் பொருத்தினால் முதலாவது 8.4, இரண்டாவது 10.2. அப்போதுதான் வரிசை நேராகிறது.

சிறிய மாவட்டத்தில் வயது வாரி வீதங்களே ஆட்டம் காண்பதால், வேறொரு மக்கள்தொகையின் வயது வாரி வீதங்களைக் கடன் வாங்கும் மறைமுகச் சீராக்கம் பாதுகாப்பானது. முதல் மாவட்டத்தின் வீதங்களை இரண்டாம் மாவட்டத்தின் மக்கள்தொகைக்குப் பொருத்தினால் எதிர்பார்க்கும் இறப்பு 256. நிகழ்ந்தது 309. இரண்டையும் வகுத்து நூறால் பெருக்கினால் 121. நடைமுறையில் ஒப்பீட்டுக்கு மாநில அல்லது தேசிய வீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கிடைக்கும் எண்ணை ஒப்பீட்டு மக்கள்தொகையோடு வைத்துப் பேசலாமே தவிர, வயதுக் கட்டமைப்பு வேறுபட்ட இரண்டு மாவட்டங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பேசக்கூடாது. இதை மீறாத அறிக்கை அரிது.

இனிக் காரணத்துக்கு வருகிறோம். எங்கள் அனுபவத்தில் மேலே சொன்ன பிழைகள் எல்லாம் சேர்ந்து கெடுப்பதைவிட, சான்றின் முதல் வரியில் எழுதப்படும் இரண்டு சொற்கள் அதிகம் கெடுக்கின்றன: 'இதயத்துடிப்பு நின்றது'. இறந்தவர் எல்லோருக்கும் அது நிற்கத்தான் செய்யும்.

உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் முதல் பகுதியில் நான்கு வரிகள். மேல் வரியில் நேரடிக் காரணம். அதற்கு எது இட்டுச் சென்றது என்பது அடுத்த வரியில். இப்படியே இறங்கி, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம் நிரப்பிய வரிகளில் கடைசியில். அந்தக் கடைசி வரியே அடிப்படைக் காரணம். அட்டவணையில் ஏறுவது அதுதான். சங்கிலியில் சேராத, ஆனால் இறப்புக்குத் துணைபோன நோய்கள் இரண்டாம் பகுதிக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த நிலை தொடங்கி இறப்பு வரை எவ்வளவு காலம் என்ற கட்டம் உண்டு. சரியாக நிரப்பிய சான்று இப்படி இருக்கும்:

(அ) செப்டிக் ஷாக் — 1 நாள்
(ஆ) வலது பாதத்தில் சீழ்பிடித்த அழுகல் — 10 நாள்
(இ) இரண்டாம் வகை நீரிழிவு — 15 ஆண்டு
இரண்டாம் பகுதி: உயர் ரத்த அழுத்தம் — 8 ஆண்டு

இதே இறப்பு நம் கோப்புகளில் எப்படி வருகிறது? (அ) இதய நுரையீரல் செயலிழப்பு, (ஆ) செப்டிசீமியா என்ற ரத்தத் தொற்று, (இ) வெற்றிடம். கால அளவு எதுவும் இல்லை. குறியீட்டாளர் செப்டிசீமியாவுக்கு எண் போடுகிறார். மாவட்டத்தின் நீரிழிவுக் கணக்கில் ஒன்று குறைகிறது. தொற்றுநோய்க் கணக்கில் ஒன்று கூடுகிறது. அடுத்த ஆண்டு பாதப் பராமரிப்புக்குப் பணம் கேட்டால், 'இங்கே நீரிழிவால் இறப்பவர்கள் குறைவுதானே' என்று பதில் வரும்.

வாராந்திர வாசிப்பில் மூன்று சோதனைகள் போதும். கால அளவு மேலிருந்து கீழே போகப் போகக் கூடுகிறதா? ஒரு வரிக்கு ஒரே நோய்தானா? கடைசி வரியைப் படித்துவிட்டு 'இது எதனால் வந்தது' என்ற கேள்வி மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தால் சான்று முடியவில்லை. எழுதிய மருத்துவருக்கு அந்த வாரமே தொலைபேசுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கோப்பு பதிவறைக்குப் போயிருக்கும், பயிற்சி மருத்துவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

அடிப்படைக் காரணத்தைச் சொல்லாத பயனற்ற குறியீடுகளின் பங்கை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஐசிடி-10 என்ற பன்னாட்டு நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் ஆர் எழுத்தில் தொடங்கும் அறிகுறிகள் முழுவதும் இந்த வகை: முதுமைத் தளர்ச்சிக்கு ஆர்54, காரணம் தெரியாததற்கு ஆர்99. இவற்றோடு இதயத் துடிப்பு நிறுத்தம் (ஐ46), இதயச் செயலிழப்பு (ஐ50), மூச்சுச் செயலிழப்பு (ஜே96), வகை குறிப்பிடாத சிறுநீரகச் செயலிழப்பு (என்19), உறுப்பு குறிப்பிடாத புற்றுநோய் (சி80). மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குறியீடுகளில் கிடக்கும்போது மற்ற காரணங்களைத் தரவரிசைப்படுத்துவதில் பொருளில்லை. ஓர் ஆண்டில் இந்தப் பங்கு குறைந்தால், மாரடைப்பும் நீரிழிவும் 'அதிகரித்தது' போலத் தோன்றும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். செய்தியாளர்கள் பிறகு கேட்கமாட்டார்கள். குறியீட்டுத் தொகுப்பு மாறும்போதும் இதே நிலை. ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாறும் மாவட்டங்கள் ஓர் ஆண்டுச் சான்றுகளை இரண்டு தொகுப்புகளிலும் குறியிட்டு, காரண வாரியாக எந்த விகிதத்தில் எண் மாறுகிறது என்பதை வெளியிட வேண்டும். 400 சான்றுகளை இருமுறை குறியிடுவது மலைப்பான வேலை இல்லை.

காயங்களில் நடக்கும் பிழை தனி வகை. 'தலையில் பலத்த காயம்' என்று எழுதிவிட்டால் மருத்துவரின் வேலை முடிந்தது போலத் தோன்றும். அட்டவணைக்கு அது எதுவுமே சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளில் போனவரா, நடந்து போனவரா, எதிரே வந்தது லாரியா, மாடியிலிருந்து விழுந்தாரா என்பதே அடிப்படைக் காரணம். நீரில் மூழ்கிய இறப்புக்கு 'மூச்சுத்திணறல்' என்றும், பூச்சிக்கொல்லி அருந்தியதற்கு 'நச்சு' என்றும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பூச்சிக்கொல்லிக்கு மட்டும் ஐசிடி-10இல் தற்செயல் (எக்ஸ்48), தானே அருந்தியது (எக்ஸ்68), நோக்கம் தெரியாதது (ஒய்18) என்று தனித்தனி இடங்கள் உள்ளன. விசாரணை முடியாததால் மருத்துவர் நோக்கத்தை எழுதத் தயங்குவது புரிகிறது. அதற்காகத்தான் ஆறு மாதம் கழித்துக் காவல்துறை, பிணக்கூறாய்வு முடிவுகளோடு இந்தப் பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறோம். 'நோக்கம் தெரியாதது' என்ற கட்டம் தற்கொலைக் கட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும் மாவட்டத்தில், தற்கொலை குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரம் படுத்து, நிமோனியாவில் இறப்பதும் இந்த வகைதான்: அடிப்படைக் காரணம் விழுந்தது.

வீட்டில் நிகழும் இறப்புகளுக்கு மருத்துவச் சான்றே இல்லாத இடங்களில் 'முதுமை' என்றோ 'நெஞ்சுவலி' என்றோ உறவினர் சொன்னதைப் பதிவாளர் எழுதுகிறார். அவற்றுக்கு வாய்மொழி ஆய்வு, அதாவது உறவினரிடம் வினாத்தாள்படி கேட்டுக் காரணத்தைக் கணிப்பது, செய்யலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் மூன்று வயதுப் பிரிவுகளுக்குத் தனித்தனியாக இருக்கிறது: நான்கு வாரத்துக்குள், நான்கு வாரம் முதல் 11 வயது வரை, 12 வயதும் அதற்கு மேலும். துக்க நாட்கள் கழிந்த பிறகு, ஆனால் நினைவு மங்குவதற்குள், கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரிடம் கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் முன்வந்து பேசுவார். பக்கத்தில் இருந்து பார்த்தது மருமகளாக இருக்கும். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிக்க வேண்டும், வேறுபட்டால் மூன்றாமவர். விபத்து, நீரில் மூழ்கல், பாம்புக்கடி, பேறுகால இறப்பு ஆகியவற்றை இந்த முறை நன்றாகப் பிடிக்கும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் இதய நோயையும் சிறுநீரக நோயையும் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தற்கொலையைக் குடும்பங்கள் மறைப்பதும் உண்டு. வாய்மொழி ஆய்வில் கிடைத்த காரணங்களையும் மருத்துவச் சான்றுக் காரணங்களையும் அட்டவணையின் ஒரே பத்தியில் கூட்டிவிடாதீர்கள். இரண்டு பத்திகளாக விடுங்கள்.

பதிவே ஆகாத இறப்புகள் எத்தனை? இதற்கு 1949இல் புள்ளியியலாளர்கள் சந்திரசேகரும் டெமிங்கும் வங்கத்தின் சிங்கூர்ப் பகுதித் தரவுகளைக் கொண்டு காட்டிய வழி இன்றும் செல்லும். பதிவாளரின் பட்டியலில் 340 பெயர்கள். களப் பணியாளர்கள் வீடு வீடாகத் திரட்டிய பட்டியலில் 300. இரண்டிலும் உள்ளவை 270 என்று வைத்துக்கொள்வோம். 340ஐ 300ஆல் பெருக்கி 270ஆல் வகுத்தால் ஏறக்குறைய 378. பட்டியல்களில் மொத்தம் இருப்பது 370 பேர். இரண்டிலும் சிக்காதவர்கள் எட்டுப் பேர் அளவில். பதிவின் முழுமை 90 சதவீதம். ஒரு எச்சரிக்கை: களப் பணியாளர் பதிவாளரிடமே பட்டியல் வாங்கி நிரப்பியிருந்தால் இந்தக் கணக்கு அழகாக நூறு சதவீதம் காட்டும். பொருத்தும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். எழுத்துக் கூட்டல் மாறும், வீட்டுப்பெயர் வேறாக இருக்கும். வயது, பால், ஊர், இறந்த தேதி ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். சுடுகாடு, இடுகாட்டுப் பதிவேடுகள் மூன்றாவது பட்டியலாகப் பயன்படும்.

தவறும் இறப்புகள் எல்லா வயதிலும் சமமாகத் தவறுவதில்லை. பிறந்த முதல் நாளில் இறந்த குழந்தைதான் மிக எளிதாக மறைகிறது: பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது, அல்லது இறந்து பிறந்ததாக எழுதப்படும். பிறந்தபின் மூச்சோ இதயத்துடிப்போ தொப்புள்கொடித் துடிப்போ தசை அசைவோ ஒரு கணம் இருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. இறந்து பிறந்தவை, முதல் நாள் இறப்புகள் என்ற இரண்டு எண்களையும் மருத்துவமனை வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது வழக்கத்துக்கு மேல் நிறைந்து இரண்டாவது காலியாக இருக்கும் இடத்தில் பிரசவ அறைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பேறுகால இறப்பில், கர்ப்பம் முடிந்து 42 நாள் வரை கணக்கு உண்டு என்பது மறந்துபோகிறது. 15 முதல் 49 வயதுக்குள் இறந்த ஒவ்வொரு பெண்ணின் பதிவிலும், கடந்த ஓராண்டில் கர்ப்பமாக இருந்தாரா என்ற கேள்விக்கு 'ஆம், இல்லை, தெரியவில்லை' என்று பதில் இருந்தே ஆக வேண்டும். வெற்றிடத்தை 'இல்லை' என்று எண்ணுகிறார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு குறிப்பு. கடும் வெப்ப வாரத்தில் இறந்த முதியவரின் சான்றில் மாரடைப்பு என்றோ பக்கவாதம் என்றோதான் இருக்கும். வெப்பம் என்ற சொல்லே இராது. அதனால் 'வெப்பத்தால் இறப்பு: 0' என்று அறிக்கை வருகிறது. காரணத்தைத் தேடாமல், அந்த வாரத்தின் மொத்த இறப்பை முந்தைய ஐந்தாண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு எட்டு என்பது சிறிய எண் என்பதால் இரண்டு மூன்று வாரங்களையும், முடிந்தால் அண்டை மாவட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓர் ஊரில் புற்றுநோய் கொத்தாக வந்துள்ளது என்று புகார் எழும்போது, எல்லையை யார், எப்போது வரைந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நான்கு வீடுகளில் நோய் வந்த பிறகு அந்த நான்கையும் சுற்றிக் கோடு போட்டால் எந்தத் தெருவும் ஆபத்தான தெருவாகும். ஊராட்சி எல்லை, ஐந்தாண்டு, ஒரே வகைப் புற்றுநோய், வயதுப்படி எதிர்பார்க்கும் எண் ஆகியவற்றை நோயாளிகளை எண்ணுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டு எண்ணுங்கள். நுரையீரல், மார்பகம், குடல் என வெவ்வேறு புற்றுநோய்கள் கலந்திருந்தால் பொதுக் காரணம் இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் அரிய ஒரே வகை, வழக்கத்துக்கு மாறான வயதில், மூன்று பேருக்கு வந்திருந்தால் எண்ணிக்கை சிறிது என்று கோப்பை மூடவும் கூடாது. எண்ணில் ஒழுங்கு தெரிந்தாலும் விளக்கம் பிசகலாம்: 1849 காலராவில் லண்டனின் தாழ்வான பகுதிகளில் இறப்பு கூடுவதையும் மேட்டுப் பகுதிகளில் குறைவதையும் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் அப்பழுக்கில்லாமல் கணக்கிட்டார், தாழ்விடத்துக் கெட்ட காற்றே காரணம் என்று முடிவும் கட்டினார். தாழ்வான பகுதிகள் குடித்த நீர் அசுத்தமானது என்பது பிறகே ஏற்கப்பட்டது.

வெளியிடும்போது மறைக்க வேண்டியதும் உண்டு. இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் 'பெண், 15 முதல் 29, தற்கொலை: 1' என்று அட்டவணை போட்டால் பெயரைச் சொன்னதற்குச் சமம். எய்ட்ஸ், காசநோய், கருக்கலைப்பு ஆகியவற்றுக்கும் இதுவே. ஐந்துக்குக் குறைந்த கட்டங்களை மறையுங்கள். ஒன்றை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதே வரிசையிலும் அதே பத்தியிலும் இன்னொன்றையும் மறையுங்கள். ஊர் வாரி அட்டவணைக்குக் காரணமே வேண்டாம்; காரணம் மாவட்ட அளவில் போதும். தற்கொலை முறையை ஊர்ப்பெயரோடு எங்கும் அச்சிடாதீர்கள்.

அடுத்த அறிக்கையில் நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவே: வசிப்பிடப்படியும் இறந்த தேதிப்படியும் எண்ணிய இறப்புகள், ஆண், பெண் தனித்தனியாக வயது அட்டவணை, அதில் ஒரு வயதுக்குள் என்பதும் 80க்கு மேல் என்பதும் தனி வரிகள், ஒவ்வொரு வீதத்தோடும் இடைவெளி, காரணங்களுக்கு ஐந்தாண்டுக் கூட்டு, மருத்துவச் சான்று பெற்ற பங்கு, பயனற்ற குறியீட்டின் பங்கு, பதிவின் முழுமை என மூன்று தர எண்கள், பயன்படுத்திய மக்கள்தொகை எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரி.

வாராந்திர வாசிப்புக்கு ஆணை பிறப்பிக்கும்போது ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டுகிறோம். சான்றைத் திருத்தச் சொல்லிக் கேட்கப்படும் மருத்துவர் மீது அந்தத் திருத்தத்தை வைத்து நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். பேறுகால இறப்பு, சிசு இறப்புத் திருத்தங்களுக்கும் சேர்த்து. அந்த வரி இல்லாத ஆணையை நாங்கள் பார்த்த இடங்களில், முதல் மாதம் தொலைபேசியை எடுத்துப் பேசிய மருத்துவர்கள் இரண்டாம் மாதம் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
இறப்புப் பதிவு, காரணக் குறியீடு, சுகாதாரப் புள்ளியியல் பணிகளில் உள்ளோர் சிலர்